சூடேறினால் பொய் சொல்லும் மேப் சென்சார்

வண்டி 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. திருத்துறைப்பூண்டியை வீடாகக் கொண்டு வேதாரண்யம், மன்னார்குடி, திருவாரூர் என்று பெரும்பாலும் டெல்டாவுக்குள்ளேயே ஓடுவது. கோளாறு, என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் இரண்டு ஸ்க்ரூக்களில் உட்கார்ந்திருக்கும் மேப் சென்சாரில், அதாவது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை அளந்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம்முக்குச் சொல்லும் சென்சாரில் இருந்தது. எது கெட்டிருந்தது என்பதில் மர்மம் வைக்க விருப்பமில்லை. புதிது வாங்கப் பணத்தை எடுப்பதற்கு முன், பழையது உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று வீட்டு வாசலிலேயே உறுதிசெய்துகொள்ள முடியும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

காலை வேளையில் வண்டியில் குறையே தெரியாது. பங்குனி பிறந்து வெயில் ஏறியபின், பகல் பதினொரு மணிக்கு மேல் ரயில்வே கேட்டில் என்ஜினை அணைத்து நின்றுவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால், ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுற்றும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்தால்தான் என்ஜின் பிடிக்கும். பிடித்தபின் பச்சைப் பெட்ரோல் வாசனை அடிக்கும். நின்ற நிலையில் என்ஜின் ஓடும் வேகம், அதாவது ஐடிலிங், நிமிடத்துக்கு 600 சுற்றுக்கும் 900 சுற்றுக்கும் இடையே ஊசலாடும். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி 13-க்கு இறங்கியது. சைலன்சர் வாயில் விரலை விட்டால் ஈரக் கரி ஒட்டியது. பிறகு செக் என்ஜின் லைட் எரிந்தது. கைப்பேசியோடு இணையும் 700 ரூபாய் புளூடூத் ஸ்கேனரில் பார்த்தபோது பி0172 என்ற கோடு (பிழைக் குறியீடு) வந்தது. பெட்ரோல் கலவை அளவுக்கு மீறி அடர்த்தியாக இருக்கிறது என்பது அதன் பொருள். மேப் சென்சாரைக் குறிக்கும் பி0106, பி0107, பி0108 ஆகிய கோடுகளில் ஒன்றுகூட வரவில்லை. சென்சார் தரும் வோல்டேஜ் தனக்குரிய எல்லைக்குள் இருக்கும் வரை, அது பொய்யாகவே இருந்தாலும், ஈசிஎம் பல வேளைகளில் அதை நம்பிவிடுகிறது.

முதல் சந்தேகம் எலிமேல் விழுந்தது. சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெறிச்சோடியதும் எலிகள் வரப்பை விட்டு வீட்டைச் சுற்றி வரத் தொடங்கும். நிறுத்திய காரின் கதகதப்பான என்ஜின் அவற்றுக்கு உவப்பான இடம். வயலில் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறி வைத்துப் பிடிக்கலாம், பானெட்டுக்குள் வைக்க முடியாது. வயரிங்கைச் சுற்றியிருந்த டேப்பை ஒரு முழ நீளத்துக்குப் பிரித்துப் பார்த்ததில், ஒரு வயரின் மேலுறையில் பல் தடம் இருந்தது. உள்ளே செம்பு அறுபடவில்லை. ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினேன். கோளாறு அப்படியே இருந்தது.

அடுத்து, சைலன்சருக்குப் போகும் புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார். கலவை அடர்த்தி என்று புகார் சொல்வதே அதுதான் என்பதால், அதை மாற்றிவிடலாம் என்று ஷெட்டில் சொன்னார்கள். ஆனால் ஸ்பார்க் ப்ளக் நான்கையும் கழற்றியபோது நான்கிலும் ஒரே சீராக உலர்ந்த கரி படிந்திருந்தது. ப்ளக்கும் சைலன்சரும் ஒரே சாட்சி சொல்லும்போது ஆக்ஸிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது என்று கொண்டு அதை விட்டுவிட்டேன். நான்கு ப்ளக்கிலும் கரி ஒரே அளவில் இருந்ததற்கு அப்போதே இன்னும் கொஞ்சம் மதிப்புக் கொடுத்திருக்கலாம்: பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் ஒன்று ஒழுகினால் அந்த ஒரு சிலிண்டரின் ப்ளக் மட்டுமே அதிகம் கறுத்திருக்க வேண்டும். ஆயினும் ஸ்கேனரில் பெட்ரோல் திருத்த அளவு, அதாவது ஃபியூயல் ட்ரிம், ஐடிலிங்கில் மைனஸ் 22 சதவீதமும், 60 கிலோமீட்டர் வேகத்தில் மைனஸ் 9 சதவீதமும் காட்டியது; மைனஸ் என்றால் ஈசிஎம் பெட்ரோலைக் குறைக்கிறது என்று பொருள். ஒழுகும் இன்ஜெக்டரும் இப்படித்தான் ஐடிலிங்கில் மோசமாகவும் ஓட்டத்தில் குறைவாகவும் தெரியும் என்பதால், நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் சுத்தம் செய்ய 1,800 ரூபாய் போயிற்று. சுத்தம் செய்யும் முன் நடந்த ஒழுகல் சோதனையில் எதுவும் ஒழுகவில்லை. மாற்றம் ஒன்றும் இல்லை.

அதன் பின்னரே மேப் சென்சாரைக் கழற்றினேன். மூக்குப் பகுதியில் ஆயில் ஆவி படிந்து கறுப்புக் களிம்பாக இருந்தது. த்ராட்டில் பாடி கிளீனரை நேராக உள்ளே பீய்ச்சாமல், பஞ்சில் நனைத்து விளிம்பை மட்டும் துடைத்து, ஓ-ரிங்கைச் சரிபார்த்து மாட்டி, மாலையில் ஓட்டிப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. ஸ்கேனரில் பிழைக் குறியீட்டையும் அழித்தேன். மறுநாள் உச்சி வெயிலில் அதே பெட்ரோல் வாசனை. சுத்தம் செய்ததால் மாலையில் குணமானதுபோல் தோன்றியதற்கு, மாலை குளிர்ச்சிதான் காரணம். இந்த இடத்தில்தான் சோதனையின் திசை மாறியது: இனி எதை அளந்தாலும் குளிர்ந்த நிலையில் ஒருமுறை, சூடான நிலையில் ஒருமுறை என்று இரண்டு முறை அளப்பது என்று முடிவு செய்தேன்.

மேப் சென்சாரைச் சோதிக்க டெல்டாவில் ஒரு வசதி உண்டு. என்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெளிக்காற்றுதான். ஆகவே சென்சார் அன்றைய வளிமண்டல அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊர்களில் அது ஏறக்குறைய 100 முதல் 101.5 கிலோபாஸ்கல் வரை இருக்கும். ஊட்டியில் இருப்பவர் 77, 78 என்று பார்த்து, இது சரியா என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. வானிலைத் துறையின் நாகப்பட்டினம் நிலையம் அன்றாடம் வெளியிடும் அழுத்தத்தில், மில்லிபார் எண்ணைப் பத்தால் வகுத்தால் கிலோபாஸ்கல் கிடைத்துவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலின் மையத்திலேயே அழுத்தம் 976 மில்லிபார் அளவுக்குத்தான் இறங்கியது. ஆகையால் வானம் தெளிந்த நாளில் 97-க்குக் கீழே எந்தச் சென்சார் காட்டினாலும் அதை நம்ப வேண்டியதில்லை.

சோதனை நாளில் நாகையின் அழுத்தம் 1007 மில்லிபார். காலை ஏழு மணிக்கு, இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை ஆன் செய்ததும் ஸ்கேனர் 101 காட்டியது. ஸ்கேனரின் அந்த வரி முழு எண்ணாக மட்டுமே வரும் என்பதால், நுட்பமாகப் பார்க்க மல்டிமீட்டர் தேவைப்பட்டது. சென்சாரில் நான்கு பின்கள்: 5 வோல்ட் சப்ளை, எர்த், அழுத்த சிக்னல், காற்று வெப்பநிலை சிக்னல். இந்த வகைச் சென்சாரின் தரவுத்தாள்படி 10 கிலோபாஸ்கலில் 0.40 வோல்ட், 115 கிலோபாஸ்கலில் 4.65 வோல்ட், அதாவது ஒரு கிலோபாஸ்கலுக்குச் சுமார் 40 மில்லிவோல்ட். 100.7 கிலோபாஸ்கலுக்கு 4.07 வோல்ட் வர வேண்டும்; மீட்டரில் 4.07 வந்தது. குண்டூசியைக் கனெக்டரின் பின்பக்க ரப்பர் சீலை ஒட்டி நுழைத்து அதில் மீட்டர் முனையைப் பிடித்தேன். வயரின் மேலுறையைக் குத்தி அளப்பது எளிதுதான். ஆனால் உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அந்த ஊசித் துளை வழியே ஈரம் ஏறி, ஒரு மழைக்காலம் கழிவதற்குள் உள்ளே செம்பு பச்சைக் களிம்பு பிடித்துவிடும். அதைப் பிறகு கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம்.

அன்றே நண்பகலில் வேதாரண்யம் சாலையில் ஓட்டிவிட்டு வந்து, என்ஜினை அணைத்து, பானெட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டு மறுபடி சாவியை ஆன் செய்தேன். ஸ்கேனரில் 109. மீட்டரில் 4.42 வோல்ட். கடல் மட்டக் கணக்கில் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான அழுத்தங்களில் ஒன்றாகச் சொல்லப்படும், 1968 டிசம்பரில் சைபீரியாவின் அகாத்தாவில் பதிவானதுகூட ஏறத்தாழ 1083 மில்லிபார்தான். என் வீட்டு வாசலில் சித்திரை வெயிலில் 1090 என்கிறது இந்தச் சென்சார். பி0172 வந்ததன் கணக்கும் இதிலேயே நேராகிவிட்டது. ஐடிலிங்கில் உண்மையான அழுத்தம் 34 கிலோபாஸ்கல் என்றால், எட்டரை கூட்டிச் சொல்லும் சென்சார் ஏறக்குறைய 43 என்கிறது. ஈசிஎம் இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து இருபது சதவீதத்துக்கு மேல் குறைக்கச் சொல்கிறது. ஓட்டத்தில் அழுத்தம் 55-க்கு மேல் போகும்போது அதே எட்டரை சிறிய பங்காகிவிடுகிறது, காற்றும் பட்டுச் சென்சார் ஓரளவு குளிர்கிறது. ஐடிலிங்கில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் ட்ரிம் காட்டியது அதனால்தான்.

இருந்தும் சென்சார்தான் குற்றவாளி என்று அப்போதே தீர்ப்பு எழுத முடியாது. எர்த் வயரில் தடை ஏறினாலும் சிக்னல் இதேபோல் உயரும். சூட்டில் விரியும் கனெக்டர் பின்னும் இதைச் செய்யும். மீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் எர்த் பின்னிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் வைத்தால், குளிர்ந்த நிலையில் 8 மில்லிவோல்ட், சூடான என்ஜின் ஏசியோடும் ஹெட்லைட்டோடும் ஓடும்போது 22 மில்லிவோல்ட். இருபத்திரண்டு என்றாலும் அரை கிலோபாஸ்கல் பிழைக்குத்தான் அது ஈடு, எட்டரைக்கு அல்ல. சப்ளை இரு நிலையிலும் 5.01 வோல்ட். மீட்டரின் 4.42-உம் ஸ்கேனரின் 109-உம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதால், சிக்னல் வயரும் ஈசிஎம்மும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தன.

மிச்சம் இருந்த ஐயத்தைத் தீர்த்தது வீட்டில் இருந்த ஹேர் டிரையர். மறுநாள் காலை, குளிர்ந்த என்ஜினில், சாவி ஆன் நிலையில், முதலில் சென்சாருக்கு முன்னால் ஒரு அட்டையைச் செருகி மறைத்துவிட்டு வயரிங்கை மட்டும் சூடாக்கினேன். வயர் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடானபோதும் 4.07 அசையவில்லை. பிறகு அட்டையை எடுத்துவிட்டுச் சென்சாரின் உடம்பில் நேராகக் காட்டினேன். அதே சென்சார் தரும் காற்று வெப்பநிலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்ததில், 33 டிகிரியில் 4.07, 45 டிகிரியில் 4.10, 55-இல் 4.19, 65-இல் 4.33, 70 தொட்டபோது 4.42. வெளியே காற்றழுத்தம் மாறவில்லை, வயரிங்கில் கை வைக்கவில்லை, சூடானது சென்சார் ஒன்றுதான். பெயின்ட் உரிக்கும் ஹாட் ஏர் கன்னை இதற்குப் பயன்படுத்தக் கூடாது; அது 300 டிகிரிக்கு மேல் போகும், பிளாஸ்டிக் மேனிஃபோல்டு உருகிவிடும்.

இதன் எதிர்ச் சோதனையை என்ஜின் ஓடும்போதே செய்யலாம். நண்பகல் ஓட்டம் முடிந்து ஐடிலிங்கில், ஈசிஎம் பழகி நினைவில் வைத்திருக்கும் நீண்டகால ட்ரிம் மைனஸ் 14, அந்தந்த நொடிக்குத் திருத்தும் குறுகியகால ட்ரிம் மைனஸ் 8 என்று நின்றபோது, பாலிதீன் உறையில் கட்டிய ஐஸ் கட்டிகளைச் சென்சாரின் தலையில் வைத்தேன். குறுகியகால ட்ரிம் மெல்ல மெல்ல ஏறிச் சுழியைக் கடந்து ப்ளஸ் 12-இல் நின்றது. நீண்டகால ட்ரிம் இன்னும் பழைய மைனஸ் 14-ஐயே பிடித்துக்கொண்டிருந்ததால், இரண்டையும் கூட்டினால் மைனஸ் 2. ஆரோக்கியமான என்ஜினின் எண். ஐடிலிங்கின் ஊசலாட்டமும் நின்றது. உறையில் ஓட்டை இல்லை என்று பார்த்துக்கொள்வதும், ஃபேன் பெல்ட்டின் பக்கம் கை போகாமல் இருப்பதும் அவசியம்.

சென்சாரை மாற்ற இவ்வளவே போதும். ஆனால் அது எல்லா அழுத்தத்திலும் ஒரே அளவு கூட்டிச் சொல்கிறதா, அல்லது அளவுகோலே நீண்டுவிட்டதா என்பதைத் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. கை வாக்குவம் பம்ப் 2,500 ரூபாய்க்குக் குறைந்து கிடைக்கவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூப் அதற்கு ஈடாக இருந்தது: ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் 9.8 கிலோபாஸ்கலுக்குச் சமம். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ட்யூப்பின் கீழ் முனையைத் தரையில் வைத்த வாளித் தண்ணீரில் விட்டு, மேல் முனையை மருந்துக் கடையில் வாங்கிய மூன்று வழி அடைப்பானில் இணைத்து, ஒரு கிளையில் 50 மில்லி சிரிஞ்சும் மறு கிளையில் சென்சாரும் வருமாறு செய்தேன். சென்சாரின் மூக்கு ஓ-ரிங்கோடு சேர்த்து அரை அங்குலத் தோட்ட ஹோஸுக்குள் இறுக்கமாகப் பொருந்தியது; ஹோஸையும் மெல்லிய ட்யூப்பையும் எம்-சீலால் ஒட்டினேன். முதல் ஒட்டு கசிந்தது. ஏற்றிய தண்ணீர் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும். சிரிஞ்சை இழுத்துத் தண்ணீரை 50 சென்டிமீட்டர் ஏற்றியதும் 4.07 வோல்ட் 3.87 ஆனது, 100 சென்டிமீட்டரில் 3.67. கணக்குப்படி வர வேண்டியதே வந்தது. ஹேர் டிரையரால் சூடாக்கியபின் அதே உயரங்களில் 4.42, 4.22, 4.02. ஆக அளவுகோல் நீளவில்லை, சூட்டில் முழுவதுமாக மேலே நகர்ந்திருக்கிறது. தண்ணீர் மட்டம் சென்சாரின் உயரத்துக்கு நன்றாகக் கீழேயே நிற்குமாறு ட்யூப்பைக் கட்ட வேண்டும். சென்சாருக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் சோதனை முடிந்துபோகும், சென்சாரும் முடிந்துபோகும்.

புதியதை வாங்கத் தஞ்சாவூர் போனேன். கடையில் இரண்டு பெட்டிகளை வைத்தார்கள்: ஒன்று 700 ரூபாய், மற்றொன்று கார் நிறுவனத்தின் பெட்டியில் 2,450 ரூபாய். “ரெண்டும் ஓடும் சார், காசு வித்தியாசம் பெட்டிக்குத்தான்” என்றார் கடைக்காரர். வண்டியில் செருகிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு மறுக்கவில்லை. தஞ்சை கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பதால், கடல் மட்டத்துக்குச் சீர்ப்படுத்தி வெளியிடும் அழுத்தத்திலிருந்து ஆறேழு மில்லிபாரைக் கழிக்க வேண்டும். அன்று 1008 என்பதால் 100.1 கிலோபாஸ்கலுக்கு 4.05 வோல்ட்டை எதிர்பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சாவியை ஆஃப் செய்தபின்னரே கனெக்டரைக் கழற்றி மாட்டினேன். 700 ரூபாய்ச் சென்சார் 3.93 காட்டியது, அது 97.2 கிலோபாஸ்கல், கஜாவின் மையத்தைவிடக் குறைவு. நிறுவனப் பெட்டியில் இருந்தது 4.05. கடைக்காரரும் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப இத நான் கம்பெனிக்கே ரிட்டர்ன் போட்டுடறேன் சார்” என்று மலிவுப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்தார்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. ஓ-ரிங்கில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவி, சென்சாரை நேராக அழுத்தி உட்கார வைத்து, இரண்டு ஸ்க்ரூக்களையும் விரலால் பிடித்துத் திருப்பி, கடைசிக் கால் சுற்றுக்கு மட்டும் ஸ்க்ரூட்ரைவரால் இறுக்கினேன். மேனிஃபோல்டு பிளாஸ்டிக் என்பதால் பலம் காட்ட இடமில்லை. ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்ததோடு பழைய ட்ரிம்களும் அழிந்தன. புதிய சென்சாரையும் ஹேர் டிரையரின் முன் நிறுத்தினேன்: 34 டிகிரியில் 4.07, 70 டிகிரியில் 4.08. நண்பகல் ஓட்டத்துக்குப் பின் ஐடிலிங்கில் அழுத்தம் 34, ட்ரிம் ப்ளஸ் மைனஸ் நான்குக்குள். ரயில்வே கேட்டில் அணைத்து ஸ்டார்ட் செய்தால் அரைச் சுற்றிலேயே பிடிக்கிறது. மைலேஜ் பதினாறரைக்கு வந்திருக்கிறது.

இதனோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒன்று ஆயில். டிப்ஸ்டிக்கை முகர்ந்தபோது பெட்ரோல் நெடி தெளிவாக இருந்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கியிருக்கிறது. மாற்றும் தவணை வராவிட்டாலும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன், 1,900 ரூபாய். ப்ளக் நான்கும் 800. ட்யூப், சிரிஞ்சு, அடைப்பான், எம்-சீல் எல்லாம் சேர்த்து 140. இன்ஜெக்டர் சுத்தத்தையும் சென்சாரையும் கூட்டினால் மொத்தம் 7,090 ரூபாய். அதில் இன்ஜெக்டருக்குக் கொடுத்த 1,800 வீண். மல்டிமீட்டரும் ஸ்கேனரும் முன்பே கையில் இருந்தன.

அடுத்த முறை பி0172 வந்தால், எந்தப் பொருளையும் கழற்றுவதற்கு முன், காலையில் ஒன்றும் உச்சி வெயிலில் ஒன்றுமாகச் சாவி ஆன் அளவை எடுத்து நாகையின் மில்லிபாரோடு ஒப்பிடுவேன். அதில் கால் மணி நேரத்துக்கு மேல் செலவில்லை. காலை பத்து மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் இடையே வளிமண்டல அழுத்தமே மூன்று நான்கு மில்லிபார் இறங்குவது இயல்பு என்பதால், பதினைந்து மில்லிவோல்ட் வரையான வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம்.

பழைய சென்சாரை எறியவில்லை. குளிர்ந்த நிலையில் அது இன்றும் சரியான எண்ணைக் காட்டுகிறது என்பதே அதிலுள்ள ஆபத்து. யாராவது ஒரு காலை வேளையில் சோதித்துவிட்டு நல்லது என்று மாட்டிவிடக்கூடும். அதன் முதுகில் சிவப்பு மார்க்கரால் “70 டிகிரியில் 0.35 வோல்ட் கூடுதல், மாட்டாதே” என்று எழுதி, மல்டிமீட்டர் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன்.